நாங்களும் 'அபட்டர்'தான்

போன வருஷம் மார்ச் மாசம் டவுன்ஹாலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'அபட்டர்' என்று ஒரு சொல். பத்து வயது மகள் அதை உரக்கப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நம்மள ஏதோ திட்டறாங்க!"

எனக்கே சரியான அர்த்தம் தெரியவில்லை. பிறந்து வளர்ந்தது மாசசூசெட்ஸில்தான்; படித்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான். இருந்தும் அகராதியைப் பார்க்க வேண்டியிருந்தது.

'அபட்' ஒரு வினைச்சொல். ஒரு நிலமோ கட்டடமோ இன்னொன்றின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதைச் சொல்வது. சும்மா பக்கத்தில் இருந்தால் போதாது, ஓரத்தோடு ஓரம் ஒட்டியிருக்க வேண்டும். சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்குள் இருக்கும் 'பூ' என்ற சொல்லுக்கு முனை, கோடி என்று பொருள். பாலத்தின் இரண்டு கோடியிலும் பாரம் தாங்கும் கட்டுமானத்துக்கு 'அபட்மென்ட்' என்று பெயர். பல் இம்ப்ளான்ட்டில், எலும்புக்குள் இருக்கும் திருகையும் மேலே வைக்கும் பல்லையும் இணைக்கிற துண்டுக்கும் அதே பெயர்தான்.

"அப்போ தாத்தா வாயிலயும் ஒண்ணு இருக்கா?"

"ரெண்டு இருக்கு," என்றார் அப்பா.

ஒட்டிய நிலத்துக்குச் சொந்தக்காரர்தான் 'அபட்டர்'. எங்கள் மாநிலத்தில் ஒருவர் கட்டட விதியிலிருந்து விலக்கு கேட்டால், அபட்டர்களுக்குத் தகவல் போக வேண்டும். நேர் எதிரே இருக்கும் நிலக்காரருக்கும், 300 அடிக்குள் இருக்கும் அபட்டருடைய அபட்டருக்கும்கூடப் போகும். அவர்கள் கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொல்லலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் எல்லையிலிருந்து ஆறடி தள்ளி ஓர் அறை கட்டக் கேட்டிருந்தார். அங்கேதான் என் கத்தரியும் புடலையும். வெயில் போய்விடுமே என்று எனக்குக் கோபம். அன்று ராத்திரியே ஆட்சேபக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஊர்ல பத்திரத்துல செக்குபந்தின்னு ஒண்ணு எழுதுவாங்கம்மா. வடக்கே இன்னார் மனை, கிழக்கே இன்னார் வீடு, இப்படி. நாலு பக்கமும் என்ன இருக்குன்னு சொன்னாத்தான் நம்ம நிலம் எதுன்னே தெரியும்."

எங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ஆச்சரியம், இங்கேயும் அதே கதைதான். 'இப்போது அல்லது முன்பு இன்னாருக்குச் சொந்தமான நிலத்தால்' என்று எல்லை சொல்லியிருந்தது. அந்த இன்னார் யாரென்று எனக்குத் தெரியாது. இப்போது இருப்பவரின் முழுப்பெயரையே டவுன்ஹால் கடிதத்தில்தான் முதல்முறையாகப் பார்த்திருந்தேன். ஏழு வருஷமாக வேலிக்கு மேலே கையசைத்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை கேசரி கிண்டி, மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதமாகிறதாம். படுக்கையறை மாடியில், அவரால் படியேற முடியாது. வரவேற்பறை சோபாவில்தான் படுக்கிறார். அந்த ஆம்புலன்ஸ் வந்த சத்தம் எனக்கு ஞாபகம் இருந்தது. என்னவென்று போய்க் கேட்கவில்லை.

கூட்டத்துக்குப் போனேன், ஆட்சேபம் இல்லை என்று சொன்னேன். அறை எழும்பிவிட்டது. மூன்று மணிக்கு மேல் என் தோட்டத்தில் நிழல்தான். இந்த வருஷம் கத்தரி சரியாகக் காய்க்கவில்லை. வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் மகள் கேட்டாள்: "அபட்டருக்குத் தமிழ்ல என்னம்மா?"

"அண்டை வீட்டுக்காரர். அண்டுறதுன்னா கிட்டப் போறது."

"நாம லேட்டாத்தானே அண்டினோம்," என்றாள்.

தமிழ் சரிதான். திருத்த ஒன்றும் இல்லை.