மரமுந்திரிகைக்கு நடுவால கச்சான்

மரமுந்திரிகை நடப்போறம் எண்டு சொன்னபோது எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “அது காய்க்கும் வரைக்கும் நீங்கள் இஞ்ச இருப்பியளோ?”

நியாயமான கேள்விதான். நாங்கள் ஐந்து பேர். காணி எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுடையது. முல்லைத்தீவுப் பக்கம், அரை ஏக்கர் மணல் தரை. 2009இல் இடம்பெயரும் வரை அங்கே பெரிய முந்திரிகை மரங்கள் நின்றன. 2011இல் திரும்பி வந்தபோது அடிக்கட்டைகள்தான் மிச்சம்.

ஒட்டுக்கன்று என்றாலும் மூன்றாம் வருடத்தில்தான் கொஞ்சம் காய்க்கும். நல்ல விளைச்சலுக்கு ஏழெட்டு வருடம் வேணும். கன்றுக்குக் கன்று 25 அடி விட்டதால் இடையில் நிறைய வெறும் நிலம். ஆசைப்பட்டு முதல் வருடம் அதில் மரவள்ளி நட்டோம். அது கன்றுகளை விட உயர்ந்து வெயிலை மறைத்தது. கிழங்கு கிண்டும்போது கன்றுகளின் வேரும் சேர்ந்து அறுந்தது. நான்கு கன்றுகள் பட்டுப்போயின.

அம்மம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னா: “கச்சானைப் போடுங்கோ பிள்ளையள். கன்றடியில மூண்டு அடி விட்டுப் போடுங்கோ.”

கச்சான் நிலத்தோடு கிடக்கும். கன்றுக்கு வெயிலை மறைக்காது. அதன் வேர்முடிச்சுகளில் இருக்கும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும். பிடுங்கிய கொடியைக் கன்றடியில் மூடாக்காகப் போட்டோம்; மணலில் ஈரம் நின்றது. மூன்றரை மாதத்தில் கையில் காசு. மாடு வராமல் முள்ளுக்கம்பி அடித்ததும் அந்தக் காசில்தான். மரங்கள் விரிந்து நிழல் மூடினால் கச்சான் சரிவராது. அதுக்குள்ள மரம் தன்ர செலவைத் தானே பார்க்கத் தொடங்கிவிடும்.

இப்போது காணியில் மூன்று பேர்தான். ஒருவன் கத்தாரில், ஒருத்தி கனடாவில். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. வீட்டுக் கடன் மரம் காய்க்கும் வரை பொறுத்திருக்காது.

இந்த வருடம் தை மாதம் முதல் பூ. சித்திரையில் ஒரு சுளகு கொட்டை. ஓட்டெண்ணெய் பட்டால் கை பொத்துப்போகும் எண்டு பழைய தாச்சியில் சுட்டு, கையில் சாம்பல் பூசி உடைச்சம். பருப்பை ஐந்து பங்காகப் பிரித்தோம். இரண்டு பங்கு போத்தலில் இருக்கிறது. ஊருக்கு வரும்போது ஆளுக்கொன்று.

எங்களிடம் கேட்ட அந்தக் கேள்விக்கு இன்னும் சரியான பதில் இல்லை. ஐப்பசி மழைக்குக் கச்சான் விதை மட்டும் எடுத்து வைத்தாச்சு.