தராசுக்கு வராத பொருள்

சேலத்துக்காரர்களுக்கு எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பழக்கம். வெள்ளிக் கொலுசு கிராம் கணக்கில், மாம்பழம் கிலோ கணக்கில், ஜவ்வரிசி மூட்டைக் கணக்கில், உருக்காலைத் தகடு டன் கணக்கில். இப்படிப்பட்ட ஊரில், தராசுக்கே வராத ஒரு பொருளைச் செய்யும் பட்டறையில் மூன்று வருடம் மேற்பார்வையாளனாக இருந்தேன். தெர்மாகோல். கூண்டு முட்ட ஏற்றிய வண்டியை எடை மேடையில் நிறுத்தினால், "காலி வண்டிய எதுக்குங்க ஏத்தறீங்க?" என்று கேலி செய்வார்கள்.

கேலியில் உண்மை உண்டு. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. அதே அளவு பேக்கிங் தெர்மாகோல் பதினைந்து, இருபது கிலோதான் இருக்கும். நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. மிச்சம் இரண்டு பங்குதான் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்.

அந்தக் காற்றை உள்ளே அடைப்பதுதான் தொழில். மூலப்பொருள் சீனி மாதிரி குருணையாக வரும். ஒவ்வொரு குருணைக்குள்ளும் கொஞ்சம் பென்டேன் வாயு அடைபட்டிருக்கும். நீராவி பட்டதும் பிளாஸ்டிக் இளகும், பென்டேன் விரியும். குருணை நாற்பது மடங்கு வரை பொரிந்து ஜவ்வரிசி போல ஆகிவிடும். உடனே அச்சில் போடக் கூடாது. பொரிந்த மணி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்று மெல்ல நுழைந்து அதை நிரப்ப வேண்டும். அதுவரை துணிப்பை போன்ற பெரிய தொட்டிகளில் பல மணி நேரம் கிடக்கும். அவசரப்பட்டால் மணி சூம்பிவிடும்.

பிறகு அலுமினிய அச்சு. அதன் சுவரெங்கும் நுண்துளைகள். மணிகளைக் காற்றால் ஊதி நிரப்பி, துளை வழியே மறுபடி ஆவி விடுவார்கள். மணிகள் இன்னொரு முறை விரிந்து, இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கி ஒட்டிக்கொள்ளும். பசை கிடையாது. தண்ணீர் பீய்ச்சிக் குளிர்வித்து அச்சைத் திறந்தால் டிவி மூலைக்கட்டையோ, மருந்துப் பெட்டியோ வந்து விழும். பாய்லர் பார்த்த அண்ணன் என் முதல் நாளில் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "இட்லிதான் தம்பி. மாவு பொங்கணும், ஆவி எல்லாப் பக்கமும் பரவணும், ஆறினப்புறம் எடுக்கணும். சூட்டோட எடுத்தா பிஞ்சிரும்." அதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சிக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை.

ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் ஸ்டைரோபோர் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள் இது. நம் ஊரில் அது என்னவெல்லாமோ ஆயிற்று. கல்யாண மேடையில் மணமக்கள் பெயரானது. பள்ளிக்கூடக் கண்காட்சியில் எரிமலையானது. 2017 ஏப்ரலில் அமைச்சர் செல்லூர் ராஜூ வைகை அணையில் நீர் ஆவியாகாமலிருக்க அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று கரையில் தள்ளிவிட்டது. நாடே சிரித்தது. நீரை மூடினால் ஆவியாவது குறையும் என்பது சரியான எண்ணம்தான். தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றான ஒன்று காற்றோடு போய்விடும் என்பதை எங்கள் பட்டறையில் லோடு ஏற்றும் பையனே சொல்லியிருப்பான்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டுக்கும் கோப்பைக்கும் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அலங்காரத் தெர்மாகோலுக்கும் தடை. சூடான கம்பியால் எழுத்து வெட்டிப் பிழைத்த என் மச்சான் இப்போது பூ அலங்காரத்துக்குப் போகிறான். "கம்பிக்கு கரன்ட் மட்டும் போதும் மாமா, பூவுக்கு விடியக்காலம் மூணு மணிக்கே எந்திரிக்கணும்" என்கிறான். ஆனாலும் தடை சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பத்து நிமிடம் சாம்பார் சாதம் தாங்கிவிட்டு, பல தலைமுறை மக்காமல் கிடக்க ஒரு தட்டுக்கு உரிமை கிடையாது.

பேக்கிங் தெர்மாகோல் தடைக்குள் வரவில்லை. இங்கேதான் என் மனம் இரண்டாகிறது. நான் குடியிருக்கும் ஃபேர்லேண்ட்ஸில் தெருவுக்குத் தெரு மருத்துவமனை, மருந்துக்கடை. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். சித்திரை வெயிலில் அது பனிக்கட்டிப் பையோடு தெர்மாகோல் பெட்டியில்தான் வந்து இறங்குகிறது. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குப் போகும் தடுப்பூசியும் அப்படித்தான். என் அம்மாவுக்குப் பதினோரு வருடமாக இன்சுலின். அந்த வெள்ளைச் சுவருக்குள் அடைபட்ட காற்றுதான் மருந்தைக் கெடாமல் கொண்டுவருகிறது. அதை எப்படி வேண்டாமென்பேன்?

வேலை முடிந்த பெட்டிதான் பிரச்சினை. பழைய இரும்பு வாங்குபவரிடம் ஒரு சாக்கு நிறையக் கொடுத்துப் பார்த்தேன். தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "இது எடைக்கு நிக்காதுங்க. வண்டில எடந்தான் அடைக்கும்." தூய்மைப் பணி செய்யும் அக்காவும் அதையேதான் சொன்னார்: "ஒரு ஃப்ரிட்ஜ் பொட்டி அட்டைய வாங்குனா என் வண்டி நெறஞ்சு போகுது கண்ணு. அப்புறம் மத்த வீட்டுக் குப்பைய எதுல வாங்கறது?" கடைசியில் அது காலி மனையில் கொளுத்தப்படுகிறது. கரும்புகை எழும்புகிறது, மாடித் துணியில் கரி படிகிறது.

பட்டறையில் நாங்கள் பழுதான துண்டுகளை எறிந்ததே இல்லை. அரைத்துப் புது மணியோடு கலப்போம். அழுக்கில்லாமல் வந்தால் போதும், அதை உருக்கிக் கட்டியாக்கிப் படச்சட்டம் செய்யலாம். செய்முறையில் சிக்கல் இல்லை. சிக்கல், வீட்டிலிருந்து அதுவரை கொண்டுபோகிற கூலியில். காற்றைச் சுமக்கும் வாடகையை யார் தருவது? 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகள் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கின்றன.

போன மாதம் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்பியது. "இந்த அட்டையெல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்றேன். டிரைவர் வண்டியின் காலிக் கூண்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"எடமெல்லாம் இருக்குதுங்க. யாரும் எடுத்துட்டு வரச் சொல்லலையே."