கத்தாத தப்பு

கீகேட்ல போர்டு டிசைன் பண்ற மக்கள் எல்லாரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க, "பேட் காணோம்"னு ஒரு எரர். சர்க்யூட் படத்துல இருக்கிற சிம்பலில் காலுக்கு ஏ, கே என்று பேர், போர்டில் பற்றவைக்கிற ஃபுட்பிரிண்டில் 1, 2 என்று நம்பர். பொருந்தலை, கத்துது. ரெண்டு நிமிஷ வேலை. கத்தற தப்பு நல்ல தப்பு :-)

வில்லன் வேற. சிம்பலின் 1ஐ ஃபுட்பிரிண்டின் 1ஓட கோர்க்கிறதோட சாஃப்ட்வேர் வேலை முடிஞ்சுது. அந்த 1 எமிட்டரா கலெக்டரா, அதுக்குக் கவலையே இல்லை. ஈஆர்சி, டிஆர்சி ரெண்டும் பாஸ்!

நண்பர் ஒருத்தர் தண்ணித் தொட்டி மோட்டாருக்காக பத்து போர்டு அடிச்சு வாங்கினார். 12 வோல்ட் ரிலே, அதை ஓட்ட பிசி547. ரிலே 'டிக்'னு கூட சொல்லலை. ரிலேவை மாத்தினார். டிரான்சிஸ்டர் டூப்ளிகேட்னு கடைக்காரரைத் திட்டினார் (பாவம் அந்த மனுஷன்). நான் பார்த்தது சிம்பலை: எமிட்டர்-பேஸ்-கலெக்டர் வரிசை. 2என்3904க்கு அது சரி. பிசி547க்கு 1 கலெக்டர், 2 பேஸ், 3 எமிட்டர்.

தலைகீழா மாட்டின டிரான்சிஸ்டர் உடனே சாகாது, அதுதான் குழப்பமே. நூத்துக்கணக்கில் இருக்க வேண்டிய கெயின் சில மடங்கா சுருங்கிடும். சின்ன எல்ஈடி எரியும், ரிலே இழுக்காது. போதாததுக்கு, எமிட்டர்-பேஸ் தலைகீழா தாங்குற வரம்பு 6 வோல்ட், ரிலே பக்கம் 12.

பத்தையும் கழட்டி 180 டிகிரி திருப்பி வச்சோம். பேஸ் நடுவுல இருந்ததால தப்பிச்சார்.

அடுத்த போர்டுக்கு பிசி847, எஸ்ஓடி-23 பேக்கேஜ். 1 பேஸ், 2 எமிட்டர், 3 கலெக்டர். தப்பா போனா போன தடவை மாதிரி 180 டிகிரி திருப்பி வச்சு தப்பிக்க முடியாது. ஆர்டருக்கு முந்தின ராத்திரி ஃபைலைத் திறந்தா... அதே பழைய சிம்பல்! "பேப்பர்ல ஒண்ணுக்கு ஒண்ணு பிரிண்ட் எடுத்து பாகங்களை வச்சுப் பார்த்துட்டேனே"ன்னார். அளவு சரியாத்தான் இருக்கும் சாமி, கால் வரிசை பேப்பர்ல எங்க தெரியும்?

சிம்பலை மாத்தினோம். அவர் ஒவ்வொரு பேடா கிளிக் பண்ணி நெட் பேரைப் படிக்க, நான் டேட்டாஷீட் படத்துல விரல் வச்சு சரிபார்த்தேன் (படம் மேலேர்ந்து பார்த்ததா கீழேர்ந்தா என்பதையும் பாருங்க). அப்பத்தான் இன்னொண்ணு மாட்டிச்சு. புதுசா சேர்த்த டிஓ-92 78எல்05க்கு 7805 சிம்பல். பெரியவருக்கு 1 இன்புட், 3 அவுட்புட். சின்னவருக்கு அப்படியே உல்டா.