எவ்வளவு நேரம் காத்திருப்பது? – சி மொழியில் ஒரு பழைய கேள்வி

போன பதிவு புளியோதரை பற்றி, அதற்கு முந்தினது கிரிக்கெட். இந்த முறை கொஞ்சம் கம்ப்யூட்டர். ஓடிடாதீங்க, சி தெரியாதவர்களும் படிக்கலாம். போனில் பேசத் தெரிந்தால் போதும் :-)

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்புவது. வகுப்பில் இதைப் பத்து வரியில் எழுதிக் காட்டுவார்கள். சாக்கெட் திற, கனெக்ட் பண்ணு, ஒரு லூப் போட்டு 'ரீட்' பண்ணு, வந்ததை ஃபைலில் எழுது, 'ரீட்' பூஜ்யம் தந்தால் மூடிவிடு. லேபில் அழகாக ஓடும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் கிடைத்துவிடும். அந்தப் பத்து வரி லேபுக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் 'ரீட்' என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒருவரிடம் போனில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். நாலு விஷயம் நடக்கலாம். அவர் பேசுகிறார். அல்லது "சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறார். அல்லது டொக்கென்று லைன் அறுந்துபோகிறது. அல்லது... சத்தமே இல்லை. லைன் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. 'ரீட்' முதல் மூன்றுக்கும் பதில் தரும்: ஒரு எண், பூஜ்யம், மைனஸ் 1. நாலாவதுக்கு அது பதிலே தராது. திரும்பி வரவே வராது.

எண் வந்தால்: கேட்டது 4096 பைட், வந்தது 1448 என்று இருக்கலாம். இது பிழையே இல்லை. டி.சி.பி. என்பது குழாய்த் தண்ணீர் மாதிரி. அந்தப் பக்கம் எத்தனை குடமாக ஊற்றினார்கள் என்று இந்தப் பக்கம் தெரியாது. வந்தவரை பிடித்துக்கொண்டு மீதிக்குத் திரும்பக் கேட்கவேண்டும். ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 1990-ல் எழுதிய யூனிக்ஸ் நெட்வொர்க் புரோக்ராமிங் புத்தகத்தில் இதற்கென்றே 'ரீட்என்' என்று ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்றும் பலர் அதைத்தான் பெயர் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

மைனஸ் 1 வந்தால்: உடனே 'எர்நோ'வைப் பார்க்கணும். நடுவில் ஒரு பிரிண்ட்எஃப் போட்டால் அது எர்நோவை மாற்றிவிட வாய்ப்பு உண்டு. 'ஈ-இன்டர்' என்றால் நடுவில் ஏதோ சிக்னல் குறுக்கிட்டது, திரும்ப ரீட் பண்ணு, அவ்வளவுதான். 'ஈ-அகெய்ன்' என்றால் இப்போதைக்கு ஒன்றும் வரவில்லை. 'ஈ-கான்-ரீசெட்' என்றால் எதிர்முனை முகத்தில் அடித்தாற்போல் இணைப்பை அறுத்துவிட்டது, புது இணைப்பு போடணும். மூன்றுக்கும் மூன்று வைத்தியம். எல்லாவற்றுக்கும் "எரர்" என்று ஒரே வரி பிரிண்ட் பண்ணி எக்ஸிட் ஆவது, தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போல.

பூஜ்யம் வந்தால்: இதுதான் ஆள்விழுங்கி. பூஜ்யம் என்றால் "எதிர்முனை மூடிவிட்டது" என்று மட்டும்தான் அர்த்தம். "ஃபைல் முழுசாக வந்துவிட்டது" என்று அர்த்தம் இல்லை. அனுப்புகிற புரோக்ராம் பாதியில் செத்துப்போனாலும், அதன் சாக்கெட்டை கெர்னல் நல்லபிள்ளையாக மூடிவைக்கும். உங்களுக்குப் பூஜ்யம் வரும். எஃப்.டி.பி.யிலேயே (ஆர்.எஃப்.சி. 959, 1985) சாதாரண முறையில் ஃபைல் முடிந்தது என்பதற்கு அடையாளம் டேட்டா இணைப்பை மூடுவதுதான். அதனால்தான் தனியாக ஓடும் கன்ட்ரோல் இணைப்பில் 226 என்ற பதில் வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். அதைப் பார்க்காதவனுக்குப் பாதி ஃபைலும் முழு ஃபைலும் ஒன்றுதான்.

இதெல்லாம் பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி என்று நினைத்தால், என் வகுப்புத் தோழன் கதையைக் கேளுங்கள். அவன் ஊர் கொல்லிமலை மேலே. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகணும். வீட்டுத் திண்ணையில் சிக்னல் கிடையாது. பின்னால் மிளகுத் தோட்டம் ஓரம் ஒரு பாறை, அதன் மேல் போனை வைத்தால் ஒரு கோடு, சில நேரம் இரண்டு கோடு. விடுமுறையில் மினி ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கணும். கல்லூரியில் அதற்கென்று யாரோ எப்போதோ சி-யில் எழுதிவைத்த ஒரு அப்லோட் புரோக்ராம் இருந்தது. இவன் 38 எம்.பி. ஜிப் ஃபைலை அனுப்பினான். ஜன்னல் மூடியது. பட்டியலில் இவன் பெயருக்கு நேராக "பெறப்பட்டது" என்று வந்தது. சந்தோஷமாகத் தூங்கப் போய்விட்டான்.

கல்லூரி திறந்ததும் மார்க் பட்டியலில் இவனுக்குப் பூஜ்யம். சர்வரில் இருந்தது 21 எம்.பி. மட்டுமே, ஜிப் திறக்கவே இல்லை. "கெட்ட ஃபைலை வேண்டுமென்றே அனுப்பி நேரம் வாங்கப் பார்க்கிறாயா?" என்று ஒரு கேள்வி வேறு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவன், ஸ்காலர்ஷிப்பை நம்பிப் படிக்கிறவன், இரண்டு வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைந்தான். கடைசியில் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் தாமதம் என்று 5 மார்க் போயிற்று. போனது போனதுதான்.

நாங்கள் நாலு பேர் அந்தப் புரோக்ராமின் சோர்ஸைக் கேட்டு வாங்கிப் படித்தோம். அனுப்பும் பக்கம், 10 வினாடி டேட்டா நகரவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் எக்ஸிட். பெறும் பக்கம், பூஜ்யம் வந்தால் "பெறப்பட்டது". ஒன்று அவசரக்காரன், இன்னொன்று அப்பாவி. இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல பையனைப் பொய்யன் ஆக்கிவிட்டன.

அந்த 10 வினாடி எங்கிருந்து வந்தது? எழுதியவர் லேபில் கேபிள் செருகிய மெஷினில் உட்கார்ந்திருப்பார். அங்கே பதில் ஒரு மில்லி வினாடியில் வரும். அவருக்கு 10 வினாடி என்பது ஒரு யுகம். பாறை மேல் போனை வைத்திருப்பவனுக்கு அது ஒரு காற்று அடித்து ஓயும் நேரம்.

சரி, அப்படியானால் டைம்அவுட்டே வேண்டாமா? அதுவும் ஆகாது. எதிர்முனையில் கரண்ட் போய்விட்டால் "மூடிவிட்டேன்" என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. வெறுமனே ரீட் பண்ணிக்கொண்டிருக்கும் பக்கம் தானாக எதையும் அனுப்புவதில்லை, அதனால் அதற்குத் தெரியவே தெரியாது. கீப்-அலைவ் என்று ஒரு வசதி இருக்கிறது, ஆனால் நாமாக இயக்கினால்தான் உண்டு. இயக்கினாலும் லினக்ஸில் வழக்கமான அமைப்புப்படி முதல் விசாரிப்பே 7200 வினாடி கழித்துத்தான். பிறகு 75 வினாடிக்கு ஒன்றாக 9 முறை தட்டிப் பார்க்கும். மொத்தம் 2 மணி 11 நிமிடம் சொச்சம். அதற்குள் ஒரு தமிழ்ப் படம் பார்த்துவிடலாம்.

எனவே நாமே வைக்கணும். சாக்கெட்டிலேயே பெறும் நேர வரம்பு வைக்கலாம் (நேரம் தீர்ந்தால் அதே 'ஈ-அகெய்ன்' வரும்), இல்லையென்றால் 'செலக்ட்' அல்லது 'போல்'. செலக்ட் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: லினக்ஸில் அது நீங்கள் கொடுத்த நேரத்தைக் குறைத்து, மீதி எவ்வளவோ அதை அதே இடத்தில் எழுதிவிடும். லூப்பில் ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்பவில்லை என்றால், பொறுமை தேய்ந்து தேய்ந்து பூஜ்யமாகிவிடும்.

எண் என்ன வைப்பது? டபிள்யூகெட் 900 வினாடி மௌனம் பொறுக்கும், சாதாரணமாக 20 முறை முயலும். மோசமான லைன்களை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று பார்த்தாலே தெரிகிறது. கர்ல் இன்னொரு வழியும் தருகிறது: இத்தனை வினாடி தொடர்ந்து இந்த வேகத்துக்குக் கீழே போனால் விட்டுவிடு என்று சொல்லலாம். இரண்டிலும் முக்கியமான விஷயம், மொத்த நேரத்தை அளக்காமல் மௌனத்தை அளப்பது. 38 எம்.பி. ஃபைல் வினாடிக்கு 40 கே.பி. வேகத்தில் போக 16 நிமிடம் ஆகும். "10 நிமிடத்தில் முடி" என்று சொன்னால் அந்த லைன் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் தோற்றே தீரும். மெதுவாக இருப்பது குற்றமில்லை. நின்றுபோவதுதான் பிரச்சினை.

இன்டர்நெட்டே இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் படித்தது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கெஜ தூரத்தில், வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலில் தாமதமாவதைத் தொலைந்துபோனதாக நினைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வான் ஜேக்கப்சன் 1988-ல் எழுதிய கட்டுரையில் சொன்ன மருந்துகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். சராசரித் தாமதத்தை மட்டும் பார்க்காதே, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் அளந்து அதற்கேற்பக் காத்திரு என்பது. இன்றைய கணக்கில் (ஆர்.எஃப்.சி. 6298, 2011) சராசரியோடு அந்த ஏற்ற இறக்கத்தின் 4 மடங்கைக் கூட்டுகிறார்கள். அதாவது, தடுமாறுகிற லைனுக்கு அதிகப் பொறுமை. நம் 10 வினாடிக்காரர் செய்தது இதற்கு நேர் எதிர்.

எங்கள் குழுவில் ஒருவன் சரியான கேள்வி கேட்டான்: "எல்லாருக்கும் பொறுமை காட்டினால் சர்வர் என்ன ஆவது?" நியாயம்தான். 2009-ல் வந்த ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் கருவி செய்தது இதைத்தான். நிறைய இணைப்பு போட்டு, ஒவ்வொன்றிலும் துளித்துளியாக அனுப்பி, சர்வரைக் காக்க வைத்தே கவிழ்த்தது. எல்லையில்லாப் பொறுமையும் ஆபத்து.

இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு முடிவான வழி இது. 30 வினாடி மௌனம் என்றால் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும், தயங்காது. ஆனால் வந்ததைத் தற்காலிகப் பெயரில் பத்திரமாக வைத்திருக்கும். அனுப்புபவன் 1, 2, 4 வினாடி என்று இரட்டித்து, அதிகபட்சம் 60 வினாடி இடைவெளியில் திரும்ப வருவான். வந்ததும் முதல் கேள்வி, "என்னிடமிருந்து எத்தனை பைட் வந்திருக்கு?" அங்கிருந்து தொடர்வான். கடைசியில் மொத்த அளவும் ஷா-256 கணக்கும் பொருந்தினால்தான் உண்மைப் பெயருக்கு மாற்றம். அதன் பிறகுதான் "பெறப்பட்டது". பொருந்தவில்லை என்றால் "பாதி வந்திருக்கிறது, மீண்டும் அனுப்பவும்" என்று தமிழிலேயே சொல்லிவிடும்.

இதை எழுதி முடித்தபோதுதான் ஒன்று புரிந்தது. நாங்கள் அத்தனை சண்டை போட்ட அந்த எண் 10-ஆ 30-ஆ 900-ஆ என்பது அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றால், துண்டிப்பது ஒரு தண்டனை இல்லை. முதலிலிருந்து வா என்று சொல்லும்போதுதான் டைம்அவுட் கொடுமையாகிறது.

புது புரோக்ராமை முதலில் சோதித்தது அவன்தான், அதே பாறையிலிருந்து. 7 முறை அறுந்தது. 40 நிமிடம் ஆனது. 38 எம்.பி.யும் வந்து சேர்ந்தது. போன 5 மார்க் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் மலையிலிருந்து வரப்போகும் ஜூனியருக்கு அது போகாது, அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

பி.கு. 1: அனுப்பும் பக்கம் எழுதுகிறவர்கள் 'சிக்பைப்' சிக்னலை அலட்சியம் செய்யச் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் அறுந்த இணைப்பில் எழுதியவுடன், ஒரு எரர் மெசேஜ்கூட இல்லாமல் புரோக்ராம் பரலோகம் போய்விடும்.

பி.கு. 2: ஃபைலை மூடும்போது 'குளோஸ்' என்ன திருப்பித் தருகிறது என்றும் பாருங்கள். டிஸ்க் நிறைந்ததைச் சில நேரம் அங்கேதான் சொல்லும். நெட்வொர்க்கைத் தாண்டி வந்த ஃபைல் வீட்டு வாசலில் தொலைய வேண்டாமே :-)