நீர்க்காகம் எடுக்கும் மூச்சு

மன்னார்க் கடலில் மீன் எங்கே நிற்கிறது என்று கேட்டால், "ஆலாவைப் பார்" என்பார்கள் எங்கள் ஊர் ஆண்கள். கூரிய சிறகும் பிளந்த வாலுமாய்ப் பறக்கும் வெள்ளைப் பறவை அது. சூடைக் கூட்டம் மேலே எழும்பினால் அதற்கு நேரே நின்று சிறகடிக்கும். பிறகு தலைகீழாய்ப் பாய்ந்து மீனோடு எழும்பிவிடும். ஒரு பாகத்துக்குக் கீழே அது போவதில்லை. தலைமன்னாருக்கு அப்பால் ஆதாம் பாலத்து மணல் திட்டுகளில் குஞ்சு பொரிக்கும். கூடு என்று ஒன்றுமில்லை, வெறும் மணலில் மணல் நிறத்து முட்டைகள். தெரியாமல் ஒரு கால் வைத்தால் போச்சு. 2015இல் அந்த இடத்தைத் தேசியப் பூங்காவாக்கினார்கள், நல்ல காரியம்.

ஆனால் சுழியோடுபவர்கள் பார்க்க வேண்டியது நீர்க்காகத்தை.

என் வாப்பா எருக்கலம்பிட்டியில் சங்கு குளித்தவர். கடலுக்கடியில் பக்கத்தால் போன நீர்க்காகத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார். சிறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு, காலால் மட்டுமே உதைத்துப் போகுமாம். பின்னால் வெள்ளிமணி போலக் குமிழி. அதன் சிறகு நனையும். நனைவதால்தான் சுலபமாய் மூழ்க முடிகிறது. பிறகு கம்பில் ஏறிச் சிறகை விரித்துக் காயப் போடுவதும் அதனால்தான்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது நாங்கள் வள்ளமேறிக் கற்பிட்டிக்குப் போனோம். என் மகன் அங்கே பிறந்தான். 2009க்குப் பிறகு ஊர் திரும்பியதும் கூட்டாளிமாரோடு கடலட்டை எடுக்கப் போனான். இறங்குமுன் வேகவேகமாய் இருபது முப்பது தடவை மூச்சை இழுத்து விட்டால் நெடுநேரம் தாங்கலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் கவனமாய்ப் படியுங்கள். நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் உடம்பில் கரியமில வாயு சேர்வதால். வேகமாய் மூச்சு விட்டால் அந்த வாயு முன்கூட்டியே போய்விடும். முட்டல் வராது. ஆனால் ஒட்சிசன் தீர்ந்துகொண்டே இருக்கும். மேலே வரவர நீரின் அழுத்தம் குறைவதால், கடைசிப் பாகத்தில் நினைவு தப்பும். கையடிப்பதில்லை, கத்துவதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாது.

என் மகனுக்கு அதுதான் நடந்தது. தோணியில் இருந்த ஒருவர் கண்டு முடியைப் பிடித்துத் தூக்கினார். அல்ஹம்துலில்லாஹ்.

வாப்பா அவனை ஏசவில்லை. மறுநாள் ஸுப்ஹு தொழுததும் கரைக்குக் கூட்டிப் போனார். நானும் பின்னால் போனேன். கரையோரத்தில் நீர்க்காகம் ஒன்று மூழ்கி எழும்பிக்கொண்டிருந்தது.

"மகன், கீழே எவ்வளவு நேரம் நிற்குது என்று எல்லோரும் எண்ணுவாங்க. நீ மேலே எவ்வளவு நேரம் இருக்குது என்று எண்ணு."

எண்ணினான். கொஞ்ச நேரம் கீழே நின்று வந்தால் கொஞ்சம் இளைப்பாறியது. நெடுநேரம் நின்று வந்தால் நெடுநேரம் மிதந்தது. ஒரு தடவையும் அவசரப்படவில்லை. கீழே இருந்ததைப் போல் இரண்டு மடங்கு நேரமாவது மேலே இளைப்பாற வேண்டும் என்று இன்றைய சுழியோடிகளுக்கும் கற்பிக்கிறார்கள்.

"அந்தக் காலத்து முத்துக் குளிப்பிலே கயிறு பிடிக்க மேலே ஓர் ஆள் நின்றான், உனக்கு யார் நின்றது?" என்றும் கேட்டார். மறிச்சுக்கட்டியில் 1905இல் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தபோதும் அப்படித்தான்.

வாப்பா மௌத்தாகிவிட்டார். மகன் இன்னும் கடலுக்குப் போகிறான். புறப்படும்போது முன்பெல்லாம் "எத்தனை மணிக்கு வருவாய்?" என்று கேட்பேன். இப்போது "மேலே யார் நிற்கிறது?" என்று கேட்கிறேன். பெயரைச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவான்.