நாலாவது இட்லி

பி.காம். படித்தவனை மட்டும் பஃபேக்கு அழைத்துப் போகாதீர்கள். சாப்பிட மாட்டான், கணக்குப் போடுவான். நானே சாட்சி.

2019 ஜனவரி. அமெரிக்காவில், நியூஜெர்ஸி எடிசனில் இருந்தோம். அங்கே ஓக் ட்ரீ ரோடு என்று ஒரு சாலை. நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை, ஸ்வீட் ஸ்டால் என்று ரெண்டு பக்கமும் நம் தேசம்தான். குளிர் மட்டும் இல்லாவிட்டால் பாண்டி பஜார் என்றே நம்பி, ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுவிடுவீர்கள். அந்தப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் பஃபே. தலைக்கு 12 டாலர் 99 சென்ட்.

"போலாங்க" என்றாள் மனைவி.

"வீட்லயே இட்லி ஊத்திக்கலாமே?"

"எதை ஊத்தறது? மாவு பொங்கவே இல்லியே!"

வாஸ்தவம். நம்மூரில் ராத்திரி கரைத்து வைத்தால் விடியற்காலை பாத்திரம் தாண்டி வழியும். அந்த ஊர் ஜனவரியில் அதெல்லாம் நடக்காது. ஓவனைச் சூடு பண்ணாமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டு, அந்த வெதுவெதுப்பில் மாவைத் தூங்க வைக்க வேண்டும். அப்படித்தான் வைத்திருந்தாள். நடுராத்திரி எழுந்து போய் விளக்கை அணைத்தது யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான். கரண்ட் பில் மிச்சம்!

கஞ்சன் என்று சிரிக்காதீர்கள். எனக்கு அங்கே ஹெச்-4 விசா. அதாவது, வேலைக்கு வந்த மனைவியின் 'டிபெண்டென்ட்'. சம்பாதிக்கக்கூடாது. 2015-லிருந்து ஹெச்-4 ஆசாமிகள் சிலருக்கு வேலை பார்க்க அனுமதி தந்தார்கள். ஆனால், மனைவியின் கிரீன் கார்டு விவகாரம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். எங்கள் விவகாரம் தொடங்கவே இல்லை. சென்னையில் எட்டு வருஷம் ஆடிட்டர் ஆபீசில் ஊரார் வரவு செலவைச் சரிபார்த்தவன் நான். என் சொந்தப் பேரேட்டில் வரவுப் பக்கம் துடைத்து விட்ட மாதிரி காலி. ஒரு காபி குடித்தாலும் அவள் காசு. இதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஓட்டலில் நுழைந்ததும் மூளை வேலையை ஆரம்பித்துவிட்டது. ரெண்டு பேருக்கு வரி, டிப்ஸ் சேர்த்து 32 டாலர். அன்றைக்கு டாலர் சுமார் 70 ரூபாய். ஆக, 2,240 ரூபாய்! மாம்பலத்தில் அந்தக் காசுக்கு ஒரு தெருவுக்கே டிபன் வாங்கலாம்.

ஓட்டல்காரர் என்னைவிடப் பெரிய கணக்குப்பிள்ளை. வயிற்றை அடைக்கிற உப்புமாவையும் பொங்கலையும் வரிசையின் ஆரம்பத்திலேயே வைத்திருந்தார். வடை, கேசரியெல்லாம் கடைசியில். நான் விடுவேனா? கடைசியிலிருந்து ஆரம்பித்தேன்.

வடை ஒன்று. இட்லி மூன்று. அதோடு எழுந்து கை கழுவப் பார்த்தேன்.

மூன்று சாப்பிட்டாலும் முப்பது சாப்பிட்டாலும் பஃபேயில் ஒரே பில். இது பி.காம். மூளைக்கு நன்றாகவே தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. அடுத்தவர் காசில் அதிகம் சாப்பிடுகிறோமோ என்று அது பாட்டுக்குக் கூசியது.

தட்டோடு திரும்பி வந்த மனைவி, "இன்னும் ஒண்ணு வெச்சுக்கங்க" என்று ஒரு இட்லியை நீட்டினாள்.

சட்டென்று தட்டின் குறுக்கே கையை வைத்து மறைத்தேன். ஊரில் அம்மா பரிமாறும்போது வைப்பேனே, அதே மாதிரி. அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டுத்தான் நாலாவது இட்லியை வைப்பாள். இவளும் தட்டிவிட்டாள்.

"கல்யாணமான புதுசுல ரெண்டு வருஷம் நான் வேலைக்குப் போகாம பரீட்சைக்குப் படிச்சேனே... அப்ப உங்க சம்பளத்துல எத்தனை இட்லி சாப்பிட்டேன்? எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்லியே..."

"அப்ப இதையும் எழுதாதீங்க."

எனக்குப் பதில் வரவில்லை. காலேஜில், குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று ஒன்றை உருப்போட்டு ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். முதல் இட்லியில் இருக்கும் சுகம் ரெண்டாவதில் இருக்காது, ரெண்டாவதில் இருப்பது மூன்றாவதில் இருக்காது என்கிற சமாசாரம். அந்த ஓட்டல் சாம்பாரில் வெல்லம் தூக்கல், சட்னியில் உப்பு கம்மி. ஆனாலும் அந்த நாலாவது இட்லி, முதல் மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டது. பரீட்சை பேப்பரைத் திருத்தியவர் மன்னிக்கவும்.

அப்புறம் தோசையும் கேட்டு வாங்கினேன். ரெண்டு!

அன்று ராத்திரி மறுபடி மாவு கரைத்தாள். ஓவன் விளக்கை நான் தொடவில்லை. காலையில் பார்த்தால் மாவு பொங்கி, ஓவன் முழுக்க வழிந்து கிடக்கிறது. அவள் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாள். ஒரு மணி நேரம் குனிந்து துடைத்தேன்.

அந்த வேலைக்கு மட்டும் எவனும் பெர்மிட் கேட்கவில்லை!