பத்தாக்குகளின் சொந்தச் சபை

சிலாங்கித் விமான நிலையத்திலிருந்து கீழிறங்கும் சாலை, சிப்போஹோலோன் வெந்நீர் ஊற்றைத் தாண்டியதும் சிலிந்துங் பள்ளத்தாக்கில் விரிகிறது. வடக்கு சுமத்ராவின் தாருத்துங் ஊரை ஒட்டிய பெயாராஜாவில்தான் எச்.கே.பி.பி. எனப்படும், பத்தாக் இன மக்களின் புராட்டஸ்டண்ட் திருச்சபைக்குத் தலைமையிடம். இந்தோனேசிய லுத்தரன் சபைகளில் மிகப் பெரியது இதுவே.

ஞாயிறு ஆராதனை. கறுப்பு அங்கியில் சிந்துவா எனும் மூப்பர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். தோளில் உலோஸ் துணி போர்த்திய பெண்கள் பலர். பாடல் தொடங்கியதும் எனக்கு மெய்சிலிர்த்தது. பாடகர் குழு இன்னும் எழவில்லை. பெஞ்சுகளில் இருந்தவர்களே மேல்குரல், கீழ்க்குரல் என்று பிரிந்து பாடினார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த விவசாயி அடிக்குரலைப் பிசகாமல் பிடித்துக்கொண்டார்.

1834இல் மன்சன், லைமன் என்ற அமெரிக்க மிஷனரிகள் இந்த மலைகளில் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு பிறந்த ஜெர்மன் மிஷனரி நொம்மென்சன் 1864இல் சிலிந்துங்கில் வந்து தங்கி, 1878இல் புதிய ஏற்பாட்டைத் தோபா பத்தாக் மொழியில் கொடுத்தார். அவரை இங்கே கொண்டாடாத வீடில்லை. ஆனால் அவருக்குப் பின் பத்தாக்குகள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1940இல் ஜெர்மன் மிஷனரிகளை அன்று இங்கே ஆண்ட டச்சு அரசு சிறைப்பிடித்ததும், தங்களில் ஒருவரான கே. சிராயித்தை எபோரஸாக, அதாவது தலைவராக, தேர்ந்தெடுத்தார்கள். 1952இல் லுத்தரன் உலக சம்மேளனத்தில் சேர்ந்தபோதும், முந்தைய ஆண்டு தாங்களே எழுதிய விசுவாச அறிக்கையோடுதான் போனார்கள்.

தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் அந்த உரிமையில்தான் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் ராணுவம் கைவைத்தது. 1992 டிசம்பரில், எபோரஸ் நபாபானை ஒதுக்கிவிட்டு ஒரு படைத்தளபதி வேறொருவரை நியமித்தார். ஆயுதத்தின் நிழலில் அமர்த்தப்பட்டவரை ஏற்க முடியாதென்று மறுத்தவர்கள் அடிபட்டார்கள், கைதானார்கள். ஊருக்கு ஊர் சபை இரண்டாகப் பிளந்தது. அவர்கள் மறுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்த ஒரு மூதாட்டியிடம், "அந்த வருஷங்களில் எங்கே ஜெபித்தீர்கள், இனாங் (அம்மா)?" என்று கேட்டேன்.

"எங்கள் வீட்டுத் திண்ணையில். மழை வந்தால் உள்ளே போவோம். ஒரு ஞாயிறும் விடவில்லை."

சுகார்த்தோ வீழ்ந்த 1998இலேயே சமரச மாமன்றம் கூடி, ஜே.ஆர். ஹுத்தாஉருக்கை எபோரஸாகத் தேர்ந்தது. பேச்சுவாக்கில் மூதாட்டி தன் மைத்துனரைக் கூப்பிட்டு அறிமுகம் செய்தார். அன்று எதிர்த் தரப்பில் நின்றவராம். இருவரும் இப்போது ஒரே பாடகர் குழுவில் பாடுகிறார்கள்.